எட்டாயிரம் கன அடி

ஜூன் 24, செவ்வாய்

இன்றைய புடவை பாசிப்பச்சை. பஸ் ஸ்டாண்டு எதிரே இருக்கிற துணிக்கடைக்காரர் மாசத்துக்குப் பன்னிரண்டு புடவை கொடுக்கிறார். செய்தி முடிகிறபோது கடை பெயரை நான் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. பின் குத்தக் கூடாது, மறுநாள் மடிப்போடு திரும்பப் போக வேண்டும். மேஜைக்கு மேலே பட்டு, மேஜைக்குக் கீழே ரப்பர் செருப்பு. பன்னிரண்டு வருஷமாக இந்த லோக்கல் சேனலில் நான் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு அம்மா என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்குகிற நேரத்தில் கேட்டுவிட்டார்.

"ஏம்மா, நீங்க டிவியில தண்ணி சொல்றவங்கதானே?"

ஆமாங்க என்றேன். கலெக்டர் ஆய்வு, கோயில் கும்பாபிஷேகம், தக்காளி விலை, எல்லாம் படிக்கிறேன். யாருக்கும் ஞாபகம் இல்லை. கடைசியில் சொல்கிற ஒகேனக்கல் நீர்வரத்து மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. பென்னாகரம் பக்கம் போனால் எனக்குப் பெயரே கிடையாது. தண்ணி சொல்றவ.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஒன்றும் தோன்றவில்லை.

ஜூன் 26, வியாழன்

வேலை கேட்டு சேலத்துச் சேனலுக்குப் பழைய பதிவுகள் நாலு அனுப்பினேன். அங்கே பெரிய ஸ்டுடியோ, ஐந்து மாவட்டம். ஏழு வருஷம் முன்னால் சென்னையில் ஒருத்தன் "உங்க பேச்சுல தர்மபுரி வருது மேடம்" என்று சிரித்து அனுப்பினான். தர்மபுரிக்காரிக்குத் தர்மபுரி வராமல் பாரிஸ் நகரமா வரும்?

ஜூன் 28, சனி

நாளைக்கு முகூர்த்தம். சேனலில் உருப்படியான கேமரா ஒன்றே ஒன்று. கேமராமேன் பெரியண்ணன் முகூர்த்த நாளில் அதைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீடியோவுக்குப் போய்விடுவார். சேனல் ஓடுவதே அந்தக் கல்யாணங்களால்தான் என்று முதலாளி தீர்த்தகிரி சார் சொல்வார். அதனால் இரண்டு நாள் செய்தியையும் இன்றைக்கே பதிவு செய்தோம். ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் இதுதான் வழக்கம்.

சனிக்கிழமை செய்திக்கு மெரூன். படித்து முடித்து உள்ளே போய் நீலத்தைக் கட்டிக்கொண்டு வந்து, "வணக்கம், இன்று ஞாயிற்றுக்கிழமை" என்றேன். ஞாயிறு செய்தியில் கெட்டுப்போகாத சரக்காகப் போடுவோம் - பள்ளி ஆண்டு விழா, மரக்கன்று நடுதல், கண் சிகிச்சை முகாம். நீர்வரத்து மட்டும்தான் இடிக்கும். நாளைக்கு எவ்வளவு வரும் என்று இன்றைக்கு யாருக்குத் தெரியும்?

"பத்து நாளா எட்டாயிரந்தான் வருது. அதையே போடு. நீடிக்கிறதுன்னு சொல்லிட்டாப் போச்சு," என்றார் சார்.

"நீர்வரத்து வினாடிக்கு எட்டாயிரம் கன அடியாக நீடிக்கிறது." சொன்னேன். ஒரே டேக்.

ஜூன் 29, ஞாயிறு

ஓசூர் கம்பெனியிலிருந்து வீட்டுக்காரர் வந்திருக்கிறார். கோழிக்குழம்பு. ஏழு மணிக்கு இரண்டு பேரும் உட்கார்ந்து என்னைப் பார்த்தோம். நைட்டியில் நான், நீலப் புடவையில் நான். "டிவியில இருக்கறவ சண்டைக்கு வரமாட்டா, அவளே தேவல," என்றார் மாதேஸ்வரன்.

சீக்கிரம் படுத்துவிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

மூன்று மணிப் பதிவு. நாலாவது செய்தி இது. தாளில் இருந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"ஏரியூர் அருகே எச்சரிக்கையை மீறி காவிரி ஆற்றில் இறங்கிய விவசாயி நீரில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். கரையோரக் கிராமத்தைச் சேர்ந்த சென்னப்பன், வயது ஐம்பத்து இரண்டு. ஆற்று நடுவே உள்ள திட்டில் பயிர் செய்திருந்த இவர், அதிகாலை அங்கு சென்றபோது திடீரென நீர்வரத்து அதிகரித்தது."

கடைசியில் நீர்வரத்து - முப்பத்தெட்டாயிரம்.

படித்து முடித்து நிமிர்ந்தேன். பெரியண்ணன் கேமராவுக்குப் பின்னாலிருந்து என்னையே பார்த்தார். "என்ன, தப்பா படிச்சிட்டனா?" என்று கேட்டேன். "இல்லீங்க மேடம்," என்று கேபிளைச் சுருட்ட ஆரம்பித்தார்.

பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. நேற்று எவ்வளவு சொன்னோம்?

ஜூலை 1, செவ்வாய்

காபி குடித்தேன். வேலைக்குப் போனேன். படித்தேன். வந்தேன்.

ஜூலை 2, புதன்

போலீஸ் கொடுத்த குறிப்பு சார் மேஜையில் கிடந்தது. படித்துப் பார்த்தேன். "ஆற்று நீரில் அடித்துச் செல்லப்பட்டு" என்றுதான் இருக்கிறது. மீறி என்ற சொல்லே அதில் இல்லை.

சாரைக் கேட்டேன். "அப்படிப் போட்டாத்தாம்மா செய்திக்கு ஒரு கெத்து. நாலு பேரு பயந்து இறங்காம இருப்பான். நல்லதுதானே," என்றார். ஞாயிற்றுக்கிழமை எண்ணைப் பற்றிக் கேட்டேன். "எந்த ஞாயிறு?" என்றார். முகத்தில் ஒரு சலனம் இல்லை. எனக்கு அந்த முகத்தைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். சேர்ந்த புதிதில் சொன்னார் - சாவுச் செய்திக்கு அழாத, கல்யாணச் செய்திக்குச் சிரிக்காத, நடுவுல நில்லு.

நன்றாகத்தான் கற்றுக்கொண்டேன். போன வருஷம் அம்மா செத்தபோதும் நடுவில்தான் நின்றேன். கல்லு மாதிரி நிக்கறா பாரு என்று சொந்தக்காரிகள் பேசியது காதில் விழுந்தது. அழத் தெரியவில்லை, என்ன செய்ய.

ஜூலை 4, வெள்ளி

ஆற்றில் போன அந்த ஆளின் மனைவி சேனலுக்கு வந்தாள்.

இல்லை, வந்தார். காசியம்மாள் என்று பெயர். என்னைவிடப் பத்து வயசு பெரியவர். கூட மகள் சோபனா, தர்மபுரியில் ஹாஸ்டலில் தங்கிக் காலேஜ் படிக்கிற பெண். 15-ஆம் தேதி கருமாதி, அதை டிவியில் சொல்ல வேண்டும் என்று போட்டோ கொண்டுவந்திருந்தார்கள். கல்யாண வீட்டில் எடுத்த போட்டோ. பக்கத்தில் யாரோ ஒருத்தர் தோள் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறது.

"காசு வேணாம்மா, சும்மாவே போட்டுடறோம்," என்றார் சார். பெரிய மனசு.

காசியம்மாள் போகவில்லை. நின்றார்.

"இன்னொண்ணு சார். மீறிப் போனாருன்னு டிவியில வந்ததுங்களே. அதுலேர்ந்து ஊர்ல தல காட்ட முடியல. குடிச்சிட்டு இறங்கிட்டான்னு எங் கொழுந்தனே சொல்றான். அவரு குடிக்கற ஆளு இல்லீங்க. மீறிப் போகலன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லிடுங்க. போதும்."

"செய்தியெல்லாம் நாங்களா எழுதறோம்? வர்றதப் படிக்கறோம்," என்றார் சார். அதோடு போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். யாரும் கூப்பிடவில்லை.

அப்புறம் காசியம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"தெனமும் உங்களப் பாத்துதாங்க முடிவு பண்ணுவாரு. பத்தாயிரத்துக்கு உள்ள இருந்தா ஆயில் இன்ஜின் திட்டுலயே இருக்கும், விடியால போயி தண்ணி பாய்ச்சுவாரு. மேல போச்சுன்னா சாயங்காலமே ஆள வெச்சு கரைக்குத் தூக்கிடுவாரு. அன்னிக்கி நா அடுப்படியில இருந்தங்க, காதுல வுழல. நீங்க எவ்வளவு சொன்னீங்க?"

சார் போனைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"ஞாபகம் இல்லீங்க," என்றேன்.

"தெனமும் சொல்றீங்க, எங்க ஞாபகம் இருக்கப் போவுது," என்று அவரே எனக்காகச் சமாதானம் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை 6, ஞாயிறு

போன ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பில் ஒன்றை எழுதாமல் விட்டேன். யாரும் படிக்காத நோட்டில்கூடத் திருட்டுத்தனம் பண்ணியிருக்கிறேன்.

அன்று மாலை ஆறு பத்துக்குப் போனில் செய்தி வந்தது. பத்திரிகைக்காரர்கள் குரூப். கர்நாடகாவில் மழை, அணைகளில் கூடுதல் நீர் திறப்பு, இரவுக்குள் நீர்வரத்து முப்பதாயிரத்தைத் தாண்டும். நான் படித்தேன். கோழியைக் கழுவிக்கொண்டிருந்த கையோடு படித்தேன்.

சாருக்குப் போன் செய்தேன். "பெரியண்ணன் பாலக்கோட்டுல ரிசப்ஷன்ல இருக்கான். யாரு வந்து மாத்தறது? ஒரு நாள்தானே. நாளைக்குச் சரியாச் சொல்லிடு," என்றார். சரிங்க சார் என்றேன்.

கீழே ஓடுகிற எழுத்தில் ஒரு வரி போடச் சொல்லியிருக்கலாம். அதை ஆபீஸ் வாட்ச்மேனே போடுவார். ஏழு மணி ஒளிபரப்பை நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. ஏழு மணிக்குக் கோழிக்குழம்போடு உட்கார்ந்து நான் பொய் சொல்வதை நானே பார்த்தேன். புடவைக் கலர் நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். அதைத்தான் நினைத்தேன். ச்சீ.

இவ்வளவு எழுதிய பிறகும் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. என்னதான்டி ஆச்சு உனக்கு?

ஜூலை 9, புதன்

சேலத்திலிருந்து போன். பதிவு பிடித்திருக்கிறதாம். ஆகஸ்டு முதல் சேரலாம், இப்போதைய இடத்தில் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு ஆர்டர் தருவார்களாம். அதாவது தீர்த்தகிரி சாரைக் கேட்பார்கள்.

இரவு மாதேஸ்வரனிடம் போனில் எல்லாம் சொன்னேன். ஆறு பத்துச் செய்தி உட்பட. அவர் சொன்னது இவ்வளவுதான்.

"அந்த அம்மாவுக்கு யாரு சொல்லப் போறா? நீ சொன்னா வேலையும் போவும், கேசும் வரும். செத்தவரு திரும்பி வருவாரா? கம்முனு இரு அமுதா."

கம்முனுதான் இருக்கிறேன். அதற்குத்தானே சம்பளம்.

ஜூலை 11, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமைப் பதிவு எங்கே என்று பெரியண்ணனைக் கேட்டேன்.

"டெலிட் பண்ணச் சொன்னாரு. பண்ணிட்டேன்," என்றார். கொஞ்சம் கழித்து, "நா அன்னிக்கி கல்யாணத்துல மாப்ள தாலி கட்டறத எடுத்துட்டு இருந்தங்க மேடம். எனக்கு என்ன தெரியும்?" என்றார். நான் அவரைக் குற்றம் சொல்லவே இல்லை.

பதிவு போய்விட்டது. தாள் போகவில்லை. எங்கே நிறுத்துவது என்று சிவப்புப் பேனாவில் கோடு போட்டுப் படிப்பேன், அந்தத் தாளெல்லாம் என் பையில்தான் கிடக்கும். தேடினேன். ஜூன் 29 என்று தேதி போட்ட தாள், எட்டாயிரத்துக்கு முன்னால் ஒரு சிவப்புக் கோடு. அங்கே மூச்சு விட்டுவிட்டு நிதானமாகச் சொல்லியிருக்கிறேன். கேட்கிறவர்களுக்குத் தெளிவாக விழட்டும் என்று.

ஜூலை 14, திங்கள்

இன்று கருமாதி அறிவிப்புப் பதிவு. தாளில் மூன்று வரி. படித்து முடித்த பிறகு, தாளில் இல்லாததை நானாகச் சொன்னேன். "சென்னப்பன் எச்சரிக்கை எதையும் மீறவில்லை. ஜூன் 29 அன்று இந்தச் சேனலில் நீர்வரத்து தவறாகச் சொல்லப்பட்டது. சொன்னது நான்."

பெரியண்ணன் கேமராவை நிறுத்தவில்லை. நிறுத்துவார் என்று நினைத்தேன்.

ஏழு மணிக்கு வீட்டில் பார்த்தேன். போட்டோ வந்தது, சோக இசை வந்தது, மூன்று வரி வந்தது. அதன் பிறகு என் வாய் திறக்கிற இடத்தில் வெட்டி, துணிக்கடை விளம்பரம். பன்னிரண்டு வருஷத்தில் நான் சொந்தமாகச் சொன்ன ஒரே செய்தி.

சார் போன் பண்ணவில்லை. அது எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

காலையில் ஏரியூர் பஸ் ஏறினேன். என்னுடைய காட்டன் புடவை, பின் குத்தி. இறங்கி ஒன்றரை மைல் நடந்தேன். பந்தல் எங்கே என்று கேட்கத் தேவைப்படவில்லை. ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். என்னைக் கண்டதும் கூட்டம் கொஞ்சம் அசைந்தது. "டிவிக்காரம்மா வந்திருக்குது" என்று நாற்காலி போட்டார்கள். ஒரு பையன் செல்ஃபி எடுக்க வந்தான், யாரோ அதட்டினார்கள். கருமாதிக்கு டிவியில் இருந்து ஆள் வந்தது அந்த வீட்டுக்குப் பெருமை என்று நினைத்துக் காசியம்மாள் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் நான் நின்றது நரகம்.

சடங்கு முடிந்து பந்திக்கு இலை போடுகிற நேரம். எழுந்து நின்றேன்.

எனக்கு வேறு குரல் வரவில்லை. செய்திக் குரல்தான் வந்தது. தாளை எடுத்து, தேதி சொல்லி, நேரம் சொல்லி, எட்டாயிரம் என்று நான் சொன்னதைச் சொன்னேன். அது முந்தின நாளே பதிவு செய்தது என்று சொன்னேன். ஆறு பத்துக்கு எனக்கு உண்மை தெரியும் என்பதையும் சொன்னேன். போலீஸ் குறிப்பில் மீறி என்ற சொல் கிடையாது, அது எங்கள் சேனல் சேர்த்தது, அதையும் படித்தது நான்தான் என்றேன். நாலைந்து பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். இலையில் உப்பு வைத்துக்கொண்டே போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

கொழுந்தன் ஆண்டி என்னை நோக்கி வந்தார். அடி விழும் என்று நினைத்தேன். விழட்டும் என்றும் நினைத்தேன். காசியம்மாள் குறுக்கே வந்து அவரை நிறுத்தினார்.

"கேட்டுக்கிட்டியாடா? உங்கண்ணன் குடிக்கல. மீறல. டிவியில சொன்னதக் கேட்டுட்டுப் போயிருக்காரு. எல்லாரும் கேட்டுக்குங்க."

அதைச் சத்தமாகச் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். சத்தம் இல்லாமல் கேட்டார்.

"அன்னிக்கி ஆபீஸ்ல நா கேட்டப்பவே தெரியுமா உங்களுக்கு?"

தெரியும் என்றேன்.

"ஊர் பேசறதக் கேட்டுக் கேட்டு நானும் நம்பிட்டங்க. ஏன்யா போன, ஏன்யா எங்களத் தெருவுல வுட்டுட்டுப் போனன்னு அன்னிலேர்ந்து பதினோரு நாளா அவரு போட்டோவப் பாத்துத் திட்டிக்கிட்டுக் கெடந்தேன். இன்னிக்கி படையல் போடறப்பக்கூட மனசுக்குள்ள திட்டிக்கிட்டுத்தாங்க போட்டேன்."

கையிலிருந்த தாளை மடித்தேன்.

"சாப்பிட்டுப் போங்கன்னு சொல்ல முடியல," என்றார். "போங்க."

சோபனா தெருமுனை வரை வந்தாள். என் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இதையெல்லாம் தாசில்தார் ஆபீசில் எழுதிக் கொடுப்பீர்களா என்று கேட்டாள். கொடுக்கிறேன் என்றேன். அந்தத் தாளையும் அவளிடம் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

வீடியோ எல்லார் போனிலும் சுற்றுகிறது. வேலை போனது. சார் நேரில் சொல்லவில்லை, பெரியண்ணனை விட்டுச் சொன்னார். துணிக்கடைக்காரர் இரண்டு புடவை பாக்கி என்று கேட்டனுப்பினார். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஜூலை 21, திங்கள்

பென்னாகரம் தாசில்தார் ஆபீசில் எழுதிக் கொடுத்தேன். மூன்று பக்கம். கீழே கையெழுத்து. எழுத்தர் படித்துவிட்டு, "இது உங்களையேதானேங்க மாட்டிவிடும்?" என்றார். ஆமாங்க என்றேன். சீல் வைத்து வாங்கிக்கொண்டார்.

சேலத்திலிருந்து அப்புறம் போன் வரவில்லை.

ஜூலை 26, சனி

மாதேஸ்வரன் வந்தார். திட்டுவார் என்று இருந்தேன். "சொல்லாம இருந்திருந்தா உன் மூஞ்சிய நான் டிவியிலயும் பாத்திருக்க மாட்டேன்," என்றார். அந்த மனுஷன்தான் கம்முனு இருன்னு சொன்னது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சேனலில் புதுப் பெண் படிக்கிறாள். நன்றாகத்தான் படிக்கிறாள். நீர்வரத்து நீடிக்கிறது என்றாள். டிவியை நிறுத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் தமிழ் டீச்சர் வேலை கேட்டிருக்கிறேன். தலைமையாசிரியை என்னைக் கண்டதும் "தண்ணி சொல்றவங்களா?" என்றார். பிறகு வீடியோ ஞாபகம் வந்திருக்க வேண்டும், பேச்சை மாற்றினார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சாயங்காலம் ஏழரைக்குத் தெரியாத நம்பர். எடுத்தேன். பேச்சு இல்லை, மாடு கத்துகிற சத்தம் மட்டும். அப்புறம் -

"காசியம்மா பேசறேன்."

எழுந்து நின்றுவிட்டேன்.

"ஆண்டி காலையில ஆத்துல பைப்பு எறக்கணுங்கறான். இன்னிக்கி எவ்வளவு?"

எப்படி இருக்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை. ஆறு மணிக்குக் குரூப்பில் பார்த்த எண் ஞாபகம் இருந்தது. இருபத்தாறாயிரங்க என்றேன்.

"எப்பப் பாத்தது?"

"ஆறு மணிக்குங்க."

"இப்ப ஏழரை. திரும்பப் பாருங்க. வெக்காம இருக்கறேன்."

பார்த்தேன். குரூப்பில் பார்த்தேன், அது போதாமல் ஒகேனக்கல் ரோட்டில் மடம் செக்போஸ்டில் தெரிந்த ஒருத்தரை எங்கள் வீட்டு லேண்ட்லைனில் கூப்பிட்டுக் கேட்டேன், பரிசல்காரர் ஒருத்தரையும் கேட்டேன். பத்து நிமிஷம் இருக்கும். அவர் வைக்கவில்லை. மாடு கத்திக்கொண்டே இருந்தது.

"நாப்பத்திரண்டாயிரங்க. ஏறிக்கிட்டே இருக்குது. காலையில யாரும் இறங்க வேணாம்."

நாப்பத்திரண்டு என்கிறபோதே குரல் உடைந்துவிட்டது. மீதியை அழுதுகொண்டுதான் சொன்னேன், இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. காசியம்மாள் முழுக்கக் கேட்டுவிட்டு, "ம்" என்றார். "நாளைக்கும் இதே நேரத்துக்குப் பண்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.